பூட்டாட்சி மலர்ந்த கதை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி நடந்த ஒரே காரியம், அந்தப் பூட்டுக் கம்பெனியின் நான்காவது மாடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்த கூட்டம்தான்.

கம்பெனி செய்வது இணையத்தோடு இணைந்த கதவுப் பூட்டுகள். சாவி கிடையாது, கைபேசியைக் காட்டினால் திறக்கும். அவற்றுக்குள் ஓடும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து அனுப்புவது ஒரு இளம் பொறியாளரின் வேலை. அதுவரை அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நேரே அனுப்பிக்கொண்டிருந்தாள். அது ‘எதேச்சாதிகாரம்’ என்பதை மேலாளர் அன்றுதான் கண்டுபிடித்தார்.

அந்த ஒரு கம்ப்யூட்டர் திருடன் கையில் சிக்கினால் எல்லாப் பூட்டும் போச்சு என்றார். நியாயமான பயம்தான். ஆகவே இனிமேல் நடுவில் தலைமை கிடையாது. புது மென்பொருள் கோப்பு வந்தால் பன்னிரண்டாயிரம் பூட்டுகளும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும். வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் ஏற்கும். ஏற்றதை ஒவ்வொரு பூட்டும் தங்கள் பொதுப் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். இதற்கு அவர் ‘பூட்டாட்சி’ என்று பெயர் சூட்டினார். கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று.

ஓய்ந்த கையோடு சோதனைப் பிரிவைக் கலைத்தார். பிரிவு என்றால் ஒரு மேசை, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு சோதனைக்காரர், சுவரில் பதினான்கு பூட்டுகள். எந்தக் கோப்பு வெளியே போனாலும் முதலில் அந்தப் பதினான்கிலும் ஏற்றி, மூடித் திறந்து பார்ப்பார் மனிதர். பன்னிரண்டாயிரம் பேர் பார்க்கும்போது இவர் ஒருத்தர் எதற்கு என்று கேட்டார் மேலாளர்.

“சார், கோப்பு வழியில மாறிச்சான்னுதான் பூட்டு பாக்கும். சரியா இருக்கான்னு பாக்காது,” என்றாள் அவள்.

“பெரும்பான்மை மேல நம்பிக்கை வைம்மா.”

வெள்ளிக்கிழமை காலை அவள் புதுக் கோப்பை எந்தப் பூட்டிலும் போட்டுப் பார்க்காமல் அனுப்பினாள்.

அதில் ஒரு பிழை இருந்தது. பூட்டு மூடும், திறக்காது. அந்தப் பிழை ஓர் எழுத்தும் சிதையாமல், எந்தத் திருடனின் விரலும் படாமல், பூரண பாதுகாப்போடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பூட்டுகள் அதை ஏகமனதாக ஏற்றன.

பதினொரு மணிக்கு அவளுடைய அக்கா கைபேசியில் கூப்பிட்டாள். அவள் வீட்டிலும் இதே கம்பெனிப் பூட்டு. குப்பை கொட்ட வெளியே வந்தாளாம், கதவு சாத்திக்கொண்டதாம், கைபேசியைக் காட்டினாலும் திறக்கவில்லையாம். உள்ளே இரண்டு வயது மகன். அடுப்பில் பால்.

இவள் அடித்துப் பிடித்து ஓடினாள். படியேறும்போதே தீய்ந்த வாடை. கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தமே இல்லை. படியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து பழைய கோப்பைத் திருப்பி அனுப்பினாள். பெரும்பான்மையின் ஒப்புதலுக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்று திரை பணிவோடு தெரிவித்தது. அக்கா கூப்பிட்ட தெருமுனைப் பூட்டுக்காரர் டிரில் மெஷினோடு வந்து, யாருடைய ஒப்புதலையும் கேட்காமல், ஆறே நிமிடத்தில் பூட்டைத் துளைத்துக் கதவைத் திறந்தார்.

பையன் அழுது ஓய்ந்து, செருப்புகளுக்கு நடுவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அக்கா அவனை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நல்ல பாதுகாப்புடி. பெத்தவளயே உள்ள விடல.”

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம். மேலாளரின் அறிக்கை தயாராக இருந்தது: முடிவெடுத்தவை பூட்டுகள், ஆகவே பொறுப்பும் பன்னிரண்டாயிரம் பூட்டுகளுக்கும் தலைக்கு ஒரு பங்காகப் ‘பரவலாக்கப்படுகிறது’. பூட்டுகளின் பொதுப் பதிவேட்டில் அதை ஏற்றும்படி அவளிடம் கொடுத்தார்.

அவள் தன் மேசைக்குப் போய், அதை ஓரமாக வைத்துவிட்டு, வேறு இரண்டு வரி எழுதி ஏற்றினாள். ‘திறந்து பார்க்காமல் அனுப்பியவள் நான். திறந்து பார்ப்பவரை வீட்டுக்கு அனுப்பியவர் மேலாளர்.’

துளைபட்ட ஒன்று நீங்கலாக எல்லாப் பூட்டுகளும் ஒப்பிட்டுப் பார்த்து ஏகமனதாக ஏற்றுக்கொண்டன.

மேலாளர் அவள் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அதை மட்டும் அழித்துவிடச் சொன்னார்.

“முடியாது சார். இதுல ஏறினத உங்களாலயும் அழிக்க முடியாது, என்னாலயும் முடியாது,” என்றாள் அவள். “அவ்வளவு பாதுகாப்பு.”