சாமியாடிக்குக் கடிவாளம்

“இந்த வாரமும் ஒன் சாமியாடி ஜெயிச்சா, அடுத்த ஞாயித்துக்கெழம ஆட்டமும் கெடையாது, டேபிளும் கெடையாது மாப்ள.”

ஜூடு இப்படிச் சொன்னால் ரவிசங்கர் கேட்டுத்தான் ஆகவேண்டும். டேபிள் ஜூடுவுடையது. அது கிடக்கும் ஞானஒளிவுபுரம் வீடும் அவனுடையதுதான்.

வாரம் முழுக்க அப்பாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற ரவிசங்கர், ஞாயிறு ஒருநாள்தான் மனுசனாக இருப்பான். அந்த டேபிளில் அவன்தான் கதை சொல்கிறவன். கோட்டை, பூதம் என்று அவன் அவிழ்த்துவிட, மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதைக்குள் நுழைவார்கள். வாளோ மந்திரமோ, பலிக்குமா பலிக்காதா என்பதை, உருட்டிவிடுகிற இருபது முகத் தாயக்கட்டை சொல்லும். ஆளுக்கொரு நிறத்தில் சொந்தக் கட்டை. அடுத்தவன் கட்டையைத் தொட்டால் ராசி போய்விடுமாம்.

ஆட்டப் புத்தகத்து மந்திரவாதிகள் எல்லாம் தொப்பியும் தாடியுமாக இருக்கிறார்களே என்று, கார்த்திகையில் அவனே ‘சாமியாடி’ என்று ஒரு புது வேடம் உண்டாக்கினான். ஒரு சிவப்புக் கட்டையும் வாங்கி, அத்தை மகள் ரம்யாஸ்ரீயிடம் கொடுத்தான். வினை அங்கேதான் பிடித்தது. அவள் முடியை அவிழ்த்து ஒரு சத்தம் கொடுத்தால் பூதம் காலி. ஜூடுவின் வாள்வீரன் வாளை உருவுவதற்குள் சண்டையே முடிந்துவிடும்.

“அத்த மகன்னு சலுகையா?” என்று ஜூடு முறைத்தான்.

சரி, குறைத்துவிடலாம் என்று ரவிசங்கர் ஒரு விதி போட்டான். நாளுக்கு ஒருமுறைதான் அருள் வரும்.

“வருசத்துக்கு ஒருக்கா எறங்குற சாமிக்குத்தாண்ணே வேகம் சாஸ்தி,” என்றான் மூன்றாவது ஆள், எழுமலைக்காரன் தங்கப்பாண்டி.

யோசித்தால் ரவிசங்கருக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேகத்தைக் கூட்டிக் கொடுத்தான்.

அடுத்த விதி: விரதம் இருந்தால்தான் மந்திரம். உடம்பு பலத்தில் பாதி போய்விடும்.

“காப்புக் கட்டி விரதம் வேறயா? அப்ப எவன் எதுக்க நிக்க முடியும்?” என்று வாயைப் பிளந்தான் தங்கப்பாண்டி.

“நீயாவது சொல்லேன்டா ஜூடு,” என்றான் ரவிசங்கர்.

ஜூடு நெளிந்தான். “தவக்காலத்துல நானே ஒருசந்தி இருக்கேன்டா. விரதத்துக்குப் பலன் இல்லேன்னு நான் எப்பிடிச் சொல்றது?”

சாமியாடி செருப்புப் போடக்கூடாது, முள்ளில்தான் நடக்கணும் என்றான் ரவிசங்கர். கேட்கவே வேண்டாம், சக்தி இன்னும் ஏறியது. அழகர்கோவிலுக்கு வெறுங்காலில் நடந்தவன், அவனாலேயே மறுக்க முடியவில்லை.

கடைசியில் எண்ணில் கை வைத்தான். கட்டையில் பதினைந்து விழுந்தால் பலிக்கும் என்றிருந்ததைப் பதினெட்டாக்கினான். அந்த வாரமும் பூதம் காலி. இன்றைக்கு, இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் பலிக்காது என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

கோட்டை வாசலில் பூதம் நின்றது. ரம்யாஸ்ரீ தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். கண் நிலைகுத்தியது.

“அடேய்! என் எல்லையில நின்னுக்கிட்டு என் புள்ளைகளையா மெரட்டுற? கொடல உருவி மாலையாப் போட்டுருவேன், ஓடிரு!”

தங்கப்பாண்டி எழுந்து கும்பிட்டான். “தாயி, கோவப்படாத தாயி. எல்லாம் நீ சொன்னபடி ஆகட்டும்.”

ஜூடுவும் எழுந்துவிட்டான். “கால் மரத்துப்போச்சு,” என்றான். கை மட்டும் ஏனோ கட்டியிருந்தது.

ரவிசங்கர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “பூதம்... பூதம் ஓடிருச்சு.”

ரம்யாஸ்ரீ சாவகாசமாக முடியை முடிந்துகொண்ட பிறகுதான் ஜூடுவுக்குக் கோபம் திரும்பி வந்தது.

“இருபது விழுந்தாத்தான்னு சொன்னியேடா! வாராவாரம் அம்புட்டுக் கரெக்டா எப்பிடி விழுகுது?”

“கணக்கு சரியாத்தான்டா இருக்கு. எனக்கே புரியல.” ரவிசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமையும் சேலைதான்.

அப்போது டீத் தட்டோடு உள்ளே வந்தார் ஜூடுவின் அம்மா பிலோமினாள்.

“சாமி மலையேறிருச்சா? பேசையில குறுக்க வரக்கூடாதேன்னு அப்பவே பிடிச்சு வாசல்ல நிக்கிறேன்.”

தட்டை வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ டேபிளில் போட்டார். சீரக வாசனை அடித்தது.

“இந்தச் செவப்புக் கட்ட யாருதுப்பா? கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கையில பீரோவுக்கு அடியில கெடந்துச்சு. அஞ்சறைப் பெட்டியிலதான் போட்டு வச்சிருக்கேன், இன்ன வரைக்கும் ஒருத்தரும் கேக்கலையே!”