கோர்ட்டு நாளில் வந்த தண்ணீர்

விவாகரத்து வழக்கு நடத்துகிற வக்கீலுக்குப் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் யாரும் உட்கார மாட்டார்கள். தப்பித் தவறி உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் காதோரம் குனிந்து, "எங்க மச்சினிக்கு ஒரு விஷயம் கேக்கணுமே" என்பார்கள். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நான் கடைமடைக்காரி. ஆற்றுத் தண்ணீர் ஊரையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்க்கும். அந்த நேரம் வயலில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கறுப்புக் கோட்டு போட்டால் மட்டும் அந்தப் புத்தி போய்விடுமா?

தஞ்சாவூரில் நான் ஜூனியராகச் சேர்ந்த புதிது. சீனியருக்கு அன்று மதுரையில் வழக்கு.

"பாஸ்கர்-வளர்மதி கேஸ் இன்னைக்கு முடியணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியறாங்க. ஜட்ஜம்மா முன்னாடி நின்னு சம்மதம்னு சொன்னா போதும். அவங்க எங்கேயும் போயிடாம பாத்துக்க. இதைக் கோட்டை விட்டே, நாளையிலேருந்து ஆபீஸ் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

குடும்பநல கோர்ட்டு வராண்டாவில் இருவரையும் ஒரே பெஞ்சில், நடுவில் என் பையை வைத்து உட்கார வைத்தேன். பாஸ்கர் டீ குடிக்க எழுந்தால், "உட்காருங்க, நான் வாங்கிட்டு வர்றேன்" என்று ஓடினேன். வளர்மதி பாத்ரூம் போனால் வாசலில் போய் நின்றேன்.

அப்போது பாஸ்கருக்கு ஒரு போன் வந்தது.

"வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சாம்" என்றார், சுவரைப் பார்த்து.

அதுவரை அவர் பக்கமே திரும்பாத வளர்மதி, "அய்யய்யோ, மடை அடைச்சில்ல கெடக்கு! நாத்து ஏற்கெனவே வாடிக் கெடக்குதே" என்றார்.

வயல் வளர்மதி பேரில். பாடுபடுவது இருவரும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீலாக லட்சணமாக, "கேஸ் முடியட்டும், உட்காருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இன்னும் என்னத்துக்கு நிக்கிறீங்க? மேல் வயக்காரன் திருப்பிக்கறதுக்குள்ள ஓடுங்க! ஒருத்தர் மடையை வெட்டுங்க, ஒருத்தர் வரப்புல உடைப்பு இருக்கான்னு பாருங்க!"

பாஸ்கரின் பைக் வாசலைத் தாண்டும்வரை கையை வேறு ஆட்டினேன். தாண்டிய பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

கொஞ்ச நேரத்தில் டவாலி இருவர் பெயரையும் கூப்பிட்டார். நான் மட்டும் போய் நின்றேன்.

"மனுதாரர்கள் எங்கே?" என்றார் நீதிபதி அம்மா.

"தண்ணி பாய்ச்சப் போயிருக்காங்க மேடம்."

"ரெண்டு பேருமா?"

"ஆமாங்க மேடம். ஒரே பைக்ல."

"யாரைக் கேட்டுப் போனாங்க?"

"நான்தாங்க மேடம்... அனுப்பிச்சேன்."

பின்னால் ஒரு மூத்த வக்கீல் சிரிப்பை அடக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. "பிரிச்சு விடுங்கன்னு மனு போட்டுட்டு நீங்களே சேர்த்து அனுப்பிட்டீங்களா? மத்தியானம் கூப்பிடும்போது இல்லேன்னா மனுவைத் தள்ளுபடி பண்ணிடுவேன்."

போன் போட்டால் இருவருமே எடுக்கவில்லை. கேன்டீனில் ஆளுக்கு ஆள், "சேர்ந்துட்டாங்கம்மா, இனிமே எங்க வரப்போறாங்க" என்றார்கள். வேளாங்கண்ணி மாதா, நாகூர் ஆண்டவர், எங்கள் ஊர் மாரியம்மன் மூவரிடமும் வேண்டிக்கொண்டேன். ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்ட பாவி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (யார் காப்பாற்றினார்கள் என்று தெரியாததால், பிறகு மூன்று இடத்துக்கும் போய் வந்தேன்.)

பெயரைக் கூப்பிடும்போது வந்துவிட்டார்கள், முழங்கால்வரை சேற்றோடு. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். குரல்கூடக் கனிந்துவிட்டது.

"சேர்ந்து போய் வேலை பாத்துட்டு வந்திருக்கீங்க. இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்கறீங்களா?"

"அய்யோ, வேண்டாங்கம்மா" என்றார் வளர்மதி. "போற வழி பூரா சண்டை. மடையை எந்தப் பக்கம் வெட்டறதுங்கறதுக்கே பாதி ஊரு கூடிப்போச்சு."

"அது சொல்றது சரிதாங்கம்மா" என்றார் பாஸ்கர். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன். விவாகரத்து கிடைத்தது.

வெளியே வந்ததும் வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அனுப்பலேன்னா நாத்து கருகியிருக்கும்மா. தனியா நிக்கப் போறவளுக்கு அந்த வெள்ளாமைதானே இருக்கு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய், வேலை போய்விடும் என்று விசும்பிக்கொண்டே அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். (வேலை போகவில்லை. ஆனால் சீனியர் மறுநாள் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது.) ஜட்ஜம்மா என்ன சொன்னார், தீர்ப்பு என்ன என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாத்து பொழைச்சுதா?" என்றார்.

இன்றுவரை நான் கோர்ட்டிலிருந்து வீட்டுக்குள் காலை வைத்ததும் கணவரிலிருந்து பிள்ளைகள்வரை அதைத்தான் கேட்டுக் கேலி செய்கிறார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்த அன்று, "பொழைச்சுதுடா" என்று சத்தமாகச் சொன்னேன். கேஸ் தோற்ற நாட்களில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.