தங்கபாயின் கொஞ்சுப் பரிசோதனை

விஜயதாஸுக்குக் கொஞ்சு தின்றதும் முகம் தடித்துப்போனது. அதைப் பார்த்துத் தங்கபாய் பட்ட சந்தோஷத்தைக் கண்டவர்கள், இவளுக்குப் புருஷன்மேல் பிரியமே இல்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உண்மை நேர்மாறு. போன வருஷம் ரத்தப் புற்றுநோயில் விழுந்த மனுஷன் அமரவிளை வீட்டுக்குத் திரும்பி நடந்து வந்ததே, முகம் தெரியாத யாரோ கொடுத்த ஸ்டெம்செல்லால்தான். காலையில் அவர் கிணற்றடியில் பல் தேய்க்கும் சத்தம் கேட்டாலே அவளுக்குக் கண் நிறைந்துவிடும். கொடுத்த ஆளோ தன் பெயரைச் சொல்லக் கூடாது என்றுவிட்டார். அவரைக் கண்டுபிடித்து, வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்து, விருந்தில் முதல் இலையை அவருக்குப் போடுவதாகத் தங்கபாய் ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருந்தாள்.

அப்போதுதான் இந்தத் தடிப்பு. இறாலை அந்தப் பக்கத்தில் கொஞ்சு என்பார்கள். பூவாற்றுக் கொஞ்சைச் சின்ன வயதிலிருந்து தின்றவருக்கு இப்போது என்ன வந்தது என்று டாக்டரிடம் போனில் கேட்டாள்.

"கொடுத்தவருக்கு அந்த அலர்ஜி இருந்திருக்கும். இப்போ உங்க வீட்டுக்காரர் உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தி அவருடையதுதானே" என்றார் டாக்டர்.

"அப்பம் அந்த ஆளு ஆராயிருக்கும் டாக்டரே?"

"அது சொல்லக் கூடாதும்மா. எதிர்ப்புச் சக்தி மரபணு இருக்கே, அது ஜப்பான்காரருக்கு ஒரு மாதிரி, பஞ்சாபிக்கு ஒரு மாதிரி. தலைமுறை தலைமுறையா ஒரே மண்ணில வாழ்ந்தவங்களுக்குள்ளே பொருந்த வாய்ப்பு கூடுதல். அவ்வளவுதான்."

மண் என்று டாக்டர் சொன்னதைத் தங்கபாய் மனதுக்குள் சபையாகச் சுருக்கினாள். சபையைக் குடும்பமாகச் சுருக்கினாள். ஸ்டெம்செல் பொருந்துகிற ஆளைத் தேடிச் சபை மைதானத்தில் முகாம் நடந்தபோது, கன்னத்துக்குள் பஞ்சு தேய்த்து மாதிரி கொடுத்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

பக்கத்து வீட்டு அனில்குமாரும் அன்று வந்து வரிசையைச் சரிப்படுத்தினான்தான். ஆனால் அவன் சைவப் பிள்ளை, கொஞ்சை ஏறெடுத்தும் பாராதவன். அவன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் உண்டு. சிகிச்சை நடந்த வாரம் மகள் ஜீனாவை ரயிலேற்ற வண்டி கேட்டபோது, "பேங்க் ட்ரெயினிங், கொச்சியிலாக்கும் மாமி" என்று நழுவிவிட்டான்.

தங்கபாய் கொஞ்சு வறுத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். ஒருவருக்கும் சொறியவில்லை. பாத்திரங்கள் மட்டும் வழித்து நக்கியது போலத் திரும்பி வந்தன.

மறுநாள் விஜயதாஸின் சித்தப்பா மகன் ராஜப்பன் முழங்கை வரை சொறிந்துகொண்டு வந்தான்.

"எலே ராஜப்பா, நேத்து கொஞ்சு தின்னியா?"

"தின்னேன் மைனி. நல்ல ருசி."

"நீ அண்ணனுக்காண்டி ஆஸ்பத்திரிக்குப் போனியா மக்கா? மறைக்காத."

ராஜப்பன் யோசித்தான். முகாமில் பஞ்சு கொடுத்தது ஞாபகம் வந்தது. "அன்னைக்குக் குடுத்தேன்லா" என்றான். தங்கபாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அவன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். சபை எழுந்து நின்றது. ராஜப்பனும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டான்.

ஜெபக் கூட்டத்தன்று முதல் இலை அவனுக்கு. பக்கத்து இலையில் விஜயதாஸ். வறுவலில் ருசி கண்ட சொந்தக்காரர்கள் விடாமல் கேட்டதால் கொஞ்சுக் கறியும் இருந்தது. அனில்குமார் குடும்பத்துக்குத் தனியாகச் சாம்பாரும் அவியலும் வைத்திருந்தாள்.

பாதிப் பந்தியில் தங்கபாய் நின்றுவிட்டாள். ராஜப்பன் இலையோரத்தில் உரித்துப் போட்ட கொஞ்சுத் தோடு குவிந்திருந்தது. உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை.

"ராஜப்பா, ஒனக்குச் சொறியல்லியா?"

பதில் சொன்னது அவன் மனைவி புஷ்பபாய். "அன்னைக்குச் சொறிஞ்சது சேனை வெட்டினதுல மைனி. கொஞ்சு இவருக்கு என்ன செய்யும்?"

சபைக்கு என்ன சொல்ல என்று தங்கபாய் திகைத்து நிற்கையில், "ஜீனாக்க அம்மே" என்று விஜயதாஸ் குழறினார். பரிமாறின அவசரத்தில் கொஞ்சுக் கரண்டி அவருடைய மீன் குழம்பிலும் விழுந்திருக்கிறது. உதடு வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது.

பந்தி கலைந்தது. ஒருவர் தண்ணீர் என்றார், ஒருவர் ஆட்டோ என்றார். அனில்குமார்தான் ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டான். கொஞ்ச நேரத்தில் வீக்கம் அடங்கிற்று.

விஜயதாஸ் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாத மக்கா. இது எனக்க அலர்ஜி இல்ல. உயிரு தந்த புண்ணியவானுக்கதாக்கும், கூடவே வந்துட்டு."

அனில்குமார் மிச்ச மாத்திரைகளை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தான். தங்கபாய்க்கோ மனம் உடைந்து போயிருந்தது. முதல் இலையை வேறு யாருக்கோ போட்டாயிற்று. ஆண்டவரே, அந்த ஆளைக் காட்டித் தாரும் என்று கண்ணை மூடினாள்.

அவியல் வாளியோடு நின்ற அனில்குமாரின் மனைவி சுஜா, பந்தியில் இருந்த தன் மாமியார் காதில் விழுவதையும் மறந்து புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒளிச்சு ஒளிச்சுக் கொஞ்சு தின்னா உங்களுக்கு இப்பிடித்தான் தடிக்கும்னு, கொச்சியில அந்த நர்ஸுகிட்டயாவது சொல்லுங்கன்னு நான் அப்பமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா?"