முன் வாசலே தெரியாத மனிதர்

சிலர் சொத்தோடு பிறக்கிறார்கள், சிலர் அழகோடு பிறக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவர்கள் 'ஆள்' வைத்துக்கொண்டு பிறக்கிறார்கள். தோழர்கள் ஆட்சி நடக்கிற எங்கள் பிர்னோ நகரத்தில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். விழுந்தாலும் கவலை இல்லை, எலும்பு முறிவுக்கும் அவருக்கு ஓர் ஆள் தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா? அதற்கு ஓர் ஆள். பல் வலிக்கிறதா? அதற்கும் ஆள். மகனுக்கு நல்ல பள்ளியில் இடம் வேண்டுமா? அதற்கும் இருக்கிறார், ஆனால் அந்த ஆளுக்கு உப்புக்கண்டம் மட்டும் போதாது, காப்பிக்கொட்டையும் வேண்டும். நீங்கள் செத்துப்போனால்கூட மயானத்தில் வெயில் படுகிற பக்கமாக இடம் பிடித்துத் தர ஒருவர் தயாராக இருக்கிறார். நீங்கள் உங்கள் பங்குக்கு வேளை பார்த்துச் செத்தால் போதும்.

இந்த ரகத்தின் சிறந்த மாதிரி ஓல்த்ரிஷ் பவெல்கா. டயர் தொழிற்சாலையில் இன்ஜினியர். தொழிற்சாலைக் கூட்டத்தில் அவர் தோழர் பவெல்கா, கடைகளின் பின் வாசலில் இன்ஜினியர் சார். இரண்டுக்கும் நடுவில் அவர் எப்போதாவது டயரும் செய்ததுண்டு என்று சொல்கிறார்கள்.

முன் வாசல் என்பது பவெல்காவைப் பொறுத்தவரை சுவரில் வரைந்த படம். கடையில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பொருள் இருந்தால் அது அழுகியிருக்க வேண்டும், அல்லது உடைந்திருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வெறும் அலங்காரத்துக்கு வைத்ததாக இருக்க வேண்டும். நல்ல பொருளுக்கு நடுக்கடையில் என்ன வேலை? அதற்கு மானம் ரோஷம் கிடையாதா?

கறிக்கடையில் வரிசை தெருமுனைவரை நிற்கும். பவெல்கா அதை இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, கதவை மெல்லத் தட்டி, தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை வாங்கி, மேல்கோட்டுக்குள் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு திரும்புவார். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. வீட்டில் பிரித்தால் ஈரல் இருக்கும். அவர் வீட்டில் யாரும் ஈரல் சாப்பிடுவதில்லை. அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அருமையான பன்றித்தொடை கிடைத்தது என்று மனைவி லிபுஷே சொன்னாள். அவர் நம்பவில்லை.

"அவங்களுக்குக் கிடைச்சது வெளியில இருந்தது. நமக்குக் கிடைச்சது உள்ள இருந்தது. வித்தியாசம் தெரிய வேண்டாமா?"

"தெரியுதுங்க. அவங்க இன்னைக்குச் சாப்பிடுவாங்க, நாம இன்னைக்குப் பாத்துட்டு இருப்போம்."

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தக் குளியல்தொட்டி விவகாரம் வந்து சேர்ந்தது. மகள் ஹெலெனா நிறைமாதக் கர்ப்பிணி. அவளுக்கும் புருஷனுக்கும் புதிய அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். சாவி இருந்தது, கதவு இருந்தது, குளியலறையில் தொட்டி வைப்பதற்கான இடமும் மிகச் சரியாக இருந்தது. தொட்டி மட்டும் இல்லை. கட்டட வேலை நடந்தபோது அந்தத் தொட்டிக்கு வேறு யாரோ ஆள் வைத்திருந்தார் போலிருக்கிறது.

"கவலைப்படாதே," என்றார் பவெல்கா மகளிடம். "குழந்தை ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள தொட்டி வந்துடும். அதுக்கு நம்மகிட்ட ஒரு ஆள் இருக்கார்."

"நீங்க சொன்னா சரிப்பா," என்றாள் ஹெலெனா.

அந்த ஒரு வார்த்தையில் அவர் விழுந்தார். கடையில், ஆபீசில், டிராமில் யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இந்த உலகத்தில் அவரை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிற ஒரே ஜீவன் அவள்தான். அவளிடம் வாக்குத் தவறுவதைவிடத் தானே வரிசையில் நின்று உருளைக்கிழங்கு வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த ஆள் பெயர் ஹவ்ரான். வீட்டுச் சாமான் கடையின் கிடங்கில் வேலை. அந்தக் கடையின் முன்பக்கக் கண்ணாடி ஜன்னலில் நவம்பர் புரட்சி விழாவுக்காகச் சிவப்புத் துணி விரித்து, அட்டையில் வெட்டிய புறா ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் கீழே பளபளவென்று ஒரு வெள்ளைக் குளியல்தொட்டியை வைத்து, அதற்குள் நிறையப் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். விழா முடிந்தும் எதையும் எடுக்கவில்லை. பவெல்கா அந்த ஜன்னலைத் தாண்டி, மூலை திரும்பி, சந்துக்குள் போய், பின் கதவைத் தட்டினார்.

"குளியல்தொட்டியா? கஷ்டம் இன்ஜினியர் சார்," என்றான் ஹவ்ரான். "இந்த ஐந்தாண்டுத் திட்டத்துல தொட்டி எழுதல. அடுத்ததுல பாக்கலாம்."

"பனிக்கால டயர் நாலு தர்றேன். புதுசு."

"எனக்குக் காரே இல்லையே சார். டயரைக் கழுத்துல மாட்டிக்கவா? ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டாங்க. பிள்ளைங்களுக்குக் கிறிஸ்துமஸ் வருது. அப்புறம் நானும் உள்ள தேடிப் பாக்கறேன்."

ஆரஞ்சுக்குக் காய்கறிக்கடை மிலாடா. அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"ஆரஞ்சு இருக்கு, இல்லைன்னு யார் சொன்னது? ஆனா என்னால சிரிக்க முடியல பாருங்க, முன்பல்லு ரெண்டு போச்சு. டாக்டர் கோசினாகிட்ட மேற்கு ஜெர்மனிப் பல்லு இருக்காமே. அவர்கிட்ட எனக்கு முறை வாங்கிக் கொடுங்க. பெட்டி உங்க வீட்டுக்கே வரும்."

பல் டாக்டர் கோசினா, பவெல்காவை நாற்காலியில் சாய்த்து வாய் நிறையப் பஞ்சு வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"அந்தம்மாவுக்குப் பல்லு கட்டிடலாம், அதுல ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும், இன்ஜினியர் சார். கோடை வீட்டுக்கு ஒரு குளியல்தொட்டி. டயர் ஃபேக்டரியில பவெல்கான்னு ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட அதுக்கு ஆள் இருக்குன்னு ஊரே சொல்லுது. நீங்கதானே அது?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இல்லை என்று சொல்ல மூன்றே எழுத்துப் போதும். ஆனால் இந்த ரகத்தின் தொண்டையில் அந்த மூன்று எழுத்துக்கு வழியே கிடையாது. பவெல்கா பஞ்சை வெளியே எடுத்தார்.

"இருக்கார்," என்றார்.

அவர் உள்ளே போகும்போது ஒரு தொட்டி தேவைப்பட்டது. வெளியே வரும்போது இரண்டு.

டாக்டரின் வாக்கை நம்பி மிலாடா ஆரஞ்சைக் கொடுத்தாள். பெட்டி வீட்டுக்கு வருவதற்குள் ஹெலெனாவுக்கு மகனும் பிறந்துவிட்டான். பிரசவ அறைக்கு ஒரு தலைமை நர்ஸை ஏற்பாடு செய்திருந்தார் பவெல்கா, ஆனால் அந்த அம்மாள் லீவில் போயிருந்த நாளாகப் பார்த்து, யாருடைய சிபாரிசும் இல்லாமல், எல்லோரும் வருகிற வழியிலேயே பையன் வந்துவிட்டான். பவெல்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

"தொட்டி வரலைன்னா என்ன, உங்க வீட்டுத் தொட்டியில குளிப்பாட்டலாமே," என்றார் மருமகன் பயந்துகொண்டே.

"அதுல உங்க மாமாவோட மீன் குளிக்குது," என்றாள் லிபுஷே.

உண்மைதான். ஊரெல்லாம் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது தெருவில் விருந்துக்காக உயிருள்ள கெண்டைமீன் வாங்கி வீட்டுக் குளியல்தொட்டியில் விடும். குளத்திலேயே ஆள் வைத்திருக்கிற பவெல்காவின் வீட்டுக்கு மாதத் தொடக்கத்திலேயே இரண்டு கெண்டை வந்துவிட்டன. குடும்பமே சமையலறையில் வாளி வைத்துக் குளித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா," என்றாள் லிபுஷே. "உங்க ஆளை இன்னைக்கே பாத்து ஒரு முடிவு சொல்லுங்க."

பவெல்கா ஆரஞ்சுப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கி, புறா தொங்கும் ஜன்னலைத் தாண்டிச் சந்துக்குள் போனார். ஹவ்ரான் பெட்டியை வாங்கி மோந்து பார்த்தான்.

"பிரமாதம் சார். பொங்கி வழியுது வாசனை. வருஷம் பிறக்கட்டும், வந்து பாருங்க."

"வருஷம் பிறக்கறதுக்குள்ள பேரனே பிறந்துட்டான்யா," என்றார் பவெல்கா. நாளைக்கு ஹெலெனா குளியலறைக் கதவைத் திறந்து, அந்தச் சரியான காலி இடத்தைப் பார்த்து, 'பரவாயில்லப்பா' என்று சொல்லப் போகிறாள்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் மூலை திரும்பினார். கடையின் முன் வாசல் திறந்திருந்தது. விற்பனைப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டிருக்க, லிபுஷே முன்பக்கமும் மருமகன் பின்பக்கமுமாக ஒரு வெள்ளைக் குளியல்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதைப் பனியில் இழுக்கிற சறுக்குவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.

"எப்படி?" என்றார் பவெல்கா.

"போனேன். தொட்டி இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னா," என்றாள் லிபுஷே.

"இன்னும் ரெண்டு இருக்கு சார்," என்றாள் விற்பனைப் பெண். "நவம்பர்ல இருந்தே இருக்கு. ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் புறாவைப் பாத்துட்டுப் போயிடறாங்க."

பவெல்கா சந்துக்குள் ஓடினார். ஹவ்ரான் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

ஹவ்ரான் நிதானமாக விதையைத் துப்பினான். "முன் வாசல்ல வந்து கேட்டிருந்தீங்கன்னா, இந்தாங்கன்னு குடுத்திருப்பாங்க. நீங்க பின் வாசல்ல வந்தீங்க சார். பின் வாசலுக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?"

அவர் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த தர்மத்தையே அல்லவா ஹவ்ரான் திருப்பிச் சொன்னான். லிபுஷே வண்டியை இழுத்துக்கொண்டு போக, பவெல்கா எதிர்ப்பக்க நடைபாதையில், யாரோ ஒரு குடும்பம் யாரோ ஒரு தொட்டியை இழுத்துக்கொண்டு போகிறது என்பதுபோல நடந்தார். கடையில் கேட்டு வாங்கிய பொருள். இனி எந்த முகத்தோடு ஊரில் நடமாடுவது?

மகளின் புது வீட்டு மாடிப்படியில் கீழ்வீட்டு ஸெமன் வழிமறித்தார்.

"அடேங்கப்பா. யாரு சார் ஆளு?"

"கடையில வாங்கினது," என்றார் பவெல்கா செத்த குரலில். "முன் வாசல்ல."

ஸெமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு கண்ணைச் சிமிட்டினார். "சொல்ல வேண்டாம்னா விடுங்க. பெரிய இடம் போல."

பவெல்கா அப்படியே நின்றார். அவர் முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. தொட்டியை மேலே சேர்த்துவிட்டு வீடு திரும்பியதும் டாக்டர் கோசினாவுக்குப் போன் போட்டார்.

"டாக்டர், தொட்டி கடையிலேயே இருக்கு. நேரா உள்ள போய்க் கேளுங்க, குடுப்பாங்க."

மறுமுனையில் டாக்டர் தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"புரியுது," என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். "போன்ல வேண்டாம். நான் நேர்ல வர்றேன்."

மறுநாள் பேரனைத் தொட்டியில் விட்டார்கள். அவன் கைகால்களை உதைத்து எல்லோரையும் நனைத்தான். ஹெலெனா ஈரக் கையோடு அப்பாவின் கன்னத்தைத் தொட்டு, "நீங்க சொன்னா சொன்னதுதான்ப்பா" என்றாள். லிபுஷே வாயைத் திறந்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பவெல்காவுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, பேரனுக்குப் போடும் சோப்பை எடுத்துச் சந்தேகத்தோடு முகர்ந்து, "இது வெளியில வாங்கினதா?" என்று கேட்டார்.

மீதி இரண்டு தொட்டிகளும் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கின்றன. அங்கே யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று டாக்டர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஒன்று மட்டும் சொல்லுங்கள், கையில் இருக்கிறதே இந்தப் புத்தகம், இது எப்படிக் கிடைத்தது? என்ன, கடைக்குள் போய்க் கேட்டு வாங்கினீர்களா?

சரி, சரி. புரிகிறது. இங்கே வேண்டாம்.