கடல் பார்த்த சுவர்

"எனக்குக் கடல்லேருந்து பாத்தாத் தெரியணும்," என்றாள் தையல்காரி.

பெயின்டர் கலர் கார்டை விரித்த கையோடு நின்றுவிட்டார். இருபத்தெட்டு வருஷமாகக் கடற்கரை வீடுகளுக்கே பெயின்ட் அடிக்கிற மனிதர். தெருவிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார்கள். எதிர்வீட்டுக்காரனுக்கு வயிறு எரிய வேண்டும் என்பார்கள். கடலிலிருந்து தெரிய வேண்டும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"கடல்லேருந்து யாரும்மா பாக்கப் போறாங்க? மீனா?"

"என் வீட்டுக்காரர்."

பெயின்டர் கேலியை விழுங்கிக்கொண்டார். தையல்காரியின் புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர் என்பது தெருவுக்கே தெரியும். பதினோரு மாதம் தண்ணீரில், ஒரு மாதம் வீட்டில். அந்த ஒரு மாதமும் "மாவு இப்படிப் பிசையக் கூடாது" என்று அவளுக்குப் பாடம் நடத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். கப்பல் இந்த ஊரில் நிற்காது. ஆனால் இருபது நாளுக்கு ஒரு முறை, சாயங்காலம் நாலரை மணிக்கு, கரையை ஒட்டிக் கடந்து போகும். முனையில் தலை காட்டி, கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் மறைகிற வரைக்கும் மொத்தம் கால்மணி நேரம்.

அந்தக் கால்மணி நேரத்துக்கு இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவர் கப்பலின் மேல்தளத்துக்கு வந்து நிற்க வேண்டியது. இவள் மொட்டை மாடியில் நிற்க வேண்டியது. கப்பல் இவள் கண்ணுக்குத் தீப்பெட்டி அளவுதான் தெரியும். கப்பலில் பைனாகுலர் இருக்கிறது, அவர் கண்ணுக்கு இவள் முழுசாகத் தெரிவாள். அந்த நேரத்தில் போன் பேசலாமே என்று ஒரு தடவை கேட்டாள். "பாக்குறப்பப் பேசினா, பாக்குறது வீணாப் போயிடும்" என்றார். என்ன ஆசை இந்த மனுஷனுக்கு என்று அவள் ஒரு வாரம் உருகி, இரண்டு பள்ளிச் சீருடைகளுக்குக் கை மாற்றித் தைத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கப்பல் கடந்த மறுநாள், அடுத்த துறைமுகத்திலிருந்து அவர் போன் செய்தபோது ஆசையாகக் கேட்டுவிட்டாள்.

"நேத்து நான் என்ன கலர் உடுத்தியிருந்தேன், சொல்லுங்க பாப்போம்."

"நேத்தா... நீலம்."

"நீலமா?"

"இல்ல, பச்சை மாதிரி. பூப்போட்டது."

அவள் உடுத்தியிருந்தது காப்பிப் பொடிக் கலர். பூவும் கிடையாது, பிஞ்சும் கிடையாது.

"அப்ப நீங்க யாரைப் பாத்தீங்க?"

"வரிசையா ஆறு வீடு. ஆறும் வெளுத்துப் போன வெள்ளை. எது நம்ம வீடுன்னு எப்படிம்மா தெரியும்? ரெண்டு வீடு தள்ளிப் பாத்துட்டேன் போலிருக்கு."

இரண்டு வீடு தள்ளி இருப்பவள் டீச்சர். டீச்சருக்குப் பூப்போட்ட துணி ஒரு பீரோ நிறைய இருந்தது. தையல்காரிக்கே நன்றாகத் தெரியும், தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மறுநாள் காலையிலேயே பெயின்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வந்து சேரப் பதிமூன்று நாள் ஆயிற்று.

"கடல் பாத்த சுவர் மட்டும் போதும். நல்ல மஞ்சள். கப்பல் வர்றதுக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

"அஞ்சு நாளா?" பெயின்டர் சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பும்மா. நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். நாலு நாள் காயணும். அப்புறம் பிரைமர், அதுக்கப்புறம் ரெண்டு கோட். ஈரத்து மேல அடிச்சா அடியில உப்புப் பூத்துத் தோல் தோலா உரிஞ்சிடும். பதறாத காரியம் சிதறாது."

"உரிஞ்சா அப்புறம் பாத்துக்கலாம். கப்பல் காத்திருக்காது."

நாலாவது நாள் சுவர் மஞ்சளாக ஜொலித்தது. ஐந்தாவது நாள் காலையில் பக்கத்து வீட்டுச் சுவரும் மஞ்சளாக ஜொலித்தது. பக்கத்து வீடு நாத்தனாருடையது.

"மிச்ச பெயின்ட் சும்மாதானே கெடந்துச்சு, அண்ணி. எங்கண்ணனுக்கு என் வீடும் தெரிய வேண்டாமா? கூடப் பொறந்தவ இல்லையா நானு?"

தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறினாள். தீப்பெட்டி வந்தது. கை வலிக்க வலிக்க ஆட்டினாள். தீப்பெட்டி போயிற்று.

மறுநாள் போனில் அவர் குரல் உற்சாகமாக இருந்தது. "மஞ்சள் வீடு சும்மா ஜம்முனு தெரிஞ்சுதும்மா! நீ குடை பிடிச்சு நின்னது கூடத் தெரிஞ்சுது."

"குடை பிடிச்சது உங்க தங்கச்சி."

"ஓ... கொஞ்சம் பெருத்துட்டியோன்னு நெனச்சேன்."

அதை நாத்தனாரிடம் சொல்லாமல் இருக்கத் தையல்காரி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சிரிப்பு வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. அவர் கிளம்பி ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதத்தில் பத்துப் பதினோரு தடவை அந்தக் கப்பல் கடந்து போயிருக்கிறது. ஒரு தடவைகூட அவர் தன்னைத் தன்னாகப் பார்க்கவில்லையோ என்ற எண்ணம் மனதில் புகுந்துவிட்டது. போனில் முகம் பார்க்கலாம்தான். கப்பலில் கிடைக்கிற சிக்னலில் அவர் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும், மூக்கு ஓரிடத்தில், வாய் ஓரிடத்தில். அவளுக்கு வேண்டியது அது இல்லை. இதோ நிற்கிறேன், காற்று என் தலையைக் கலைக்கிறது, நீங்கள் அங்கிருந்து என்னைப் பார்க்கிறீர்கள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

"சிவப்பு," என்றாள் பெயின்டரிடம். "ரத்தச் சிவப்பு. யாருக்கும் மூச்சு விடக் கூடாது."

"அடர் கலர் கடல் வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும்மா. அதோட கீழ இருக்கிற மஞ்சளே இப்பத்தான் உரிய ஆரம்பிச்சிருக்கு."

"ஒரு நாள் தெரிஞ்சாப் போதும்."

பெயின்டர் வானத்தைப் பார்த்துவிட்டு ஏணியைச் சாத்தினார். இந்தத் தடவை மிச்சம் வைக்காமல், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்.

கப்பல் வரும் நாளன்று பெட்டியிலிருந்து தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பை எடுத்து உடுத்தினாள். கல்யாணமான வருஷம் அவர் வாங்கித் தந்தது. மொட்டை மாடியின் படிக்கட்டு அறைச் சுவருக்கும் சிவப்புதான் அடித்திருந்தது. அதன் முன்னால் போய் நேராக நின்றாள். கால்மணி நேரமும் ஓரடி நகரவில்லை.

மறுநாள் போன் வந்தது.

"வீடு தெரிஞ்சுதும்மா. நல்லாவே தெரிஞ்சுது. நீ ஏன் மாடிக்கு வரல?"

"வந்தேனே!"

"வரலியே. யாருமே இல்லையே. என் மேல கோவமா? அந்தக் குடை விஷயத்துக்கா? விளையாட்டுக்குச் சொன்னேன்மா அது."

அவள் கீழே குனிந்து, கட்டிலில் மடித்து வைத்திருந்த நல்ல உடுப்பைப் பார்த்தாள். அதுவும் ரத்தச் சிவப்பு. சிவப்புச் சுவருக்கு முன்னால் சிவப்பை உடுத்திக்கொண்டு கால்மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறாள். ஊருக்கெல்லாம் எந்தத் துணிக்கு எந்த நூல் என்று எடுத்துக் கொடுக்கிறவளுக்கு இது தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து ராத்திரி எனக்குச் சோறு இறங்கலம்மா," என்றார்.

அது போதாதென்று இரண்டு நாள் கழித்துத் துறைமுக ஆபீசிலிருந்து ஒருவர் ஃபைலோடு வந்து இறங்கினார்.

"கடலைப் பாத்துச் சிவப்பு அடிச்சது நீங்களா? படகுக்காரங்க பாறைக்கு வெச்ச அடையாளம்னு நெனச்சு, வீட்டைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. நேத்து ஒருத்தர் சுத்தினதுல பக்கத்து ஊர்ல போய்க் கரை ஏறியிருக்கார்."

"ஒரு வீட்டுக்கா சார் இவ்வளவு?"

"ஒரு வீடா? மாடிக்குப் போய்ப் பாருங்க."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாத்தனார் வீடு மட்டும் மஞ்சளிலேயே நின்றிருந்தது. டீச்சர் வீடு பச்சை. அதற்கடுத்த இரண்டு வீடும் ஊதா. கடைசி வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பாதி ஆரஞ்சு, பாதி நீலம் அடித்து வைத்திருந்தார். தையல்காரி வீட்டில் ஏதோ அதிர்ஷ்டத்துக்காகப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு. அவளுடைய மெஷினுக்கு அடியில் கிடக்கும் வெட்டுத் துணிக் கூடையைக் கவிழ்த்தாற்போல இருந்தது மொத்த வரிசையும். அவள் வீட்டுச் சிவப்போ அதற்குள் தோல் உரிந்து, உள்ளே மஞ்சள் திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தது. மறுபடி பெயின்டருக்கு ஆள் போயிற்று. வந்தவர் சொன்னேனே என்பதை முகத்திலேயே சொல்லிவிட்டார்.

"இப்ப எதை அடிச்சாத் தெரியும்?" என்று கேட்டாள். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"இந்தத் தெருவுல இப்ப வெள்ளை ஒண்ணுதாம்மா தெரியும்," என்றார் பெயின்டர்.

இந்த முறை அவர் சொன்னபடியே நடந்தது. பழசைச் சுரண்டினார்கள். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். நாலு நாள் காய விட்டு, பிரைமர் அடித்து, அதுவும் காய விட்டார்கள். சுரண்டும்போது நானும் கை கொடுக்கிறேன் என்று ஏணியில் ஏறியவள் மூன்றாம் படியில் கால் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. நடுக்கடலில் இருக்கிற மனுஷன், கேட்டு என்ன செய்துவிடுவார், கவலைதான் படுவார்.

கப்பல் வரும் நாளன்று நாத்தனாரே வந்து தோள் கொடுத்தாள். படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மாடியேறினாள் தையல்காரி. நாத்தனார் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள்.

"நான் கீழ போயிடறேன் அண்ணி. இன்னைக்கு அண்ணன் உன்னை மட்டும் பாக்கட்டும்."

வெள்ளைச் சுவருக்கு முன்னால், காப்பிப் பொடிக் கலர் உடுத்தி, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தீப்பெட்டி முனையைத் தாண்டியது. கையை ஆட்டினாள். இன்றைக்கும் பார்க்கவில்லையென்றால் இனிமேல் மாடியேறுவதில்லை, எதுவும் கேட்பதுமில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்த பிறகும் கை ஆடிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் போன் அடித்தது. ஹலோகூடச் சொல்லவில்லை அவர்.

"கால்ல என்ன? ஏன் நாற்காலி போட்டு உக்காந்திருந்தே? கட்டு வேற போட்டிருக்கியாமே... போட்டிருக்கியே? எலும்பு ஏதும் உடைஞ்சிருக்கா? என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அங்கே "ரொம்ப வலிக்குதா, ரொம்ப வலிக்குதா" என்று பதறினார். வலிக்கவே இல்லை என்று சொல்ல அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. அன்று பெயின்டருக்குக் காப்பி கொடுத்து, "பாத்துட்டாரு" என்றாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

பத்து நாள் கழித்து, ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிற வழியில், அதே கப்பலில் வேலை பார்த்த ஒருவர் பார்சலோடு வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து வந்து, யாரிடமும் வழி கேட்காமல் நேரே அவள் வாசலில் நின்றார்.

"வாங்க, வாங்க. வீடு தேடுறதுக்குச் சிரமப்பட்டீங்களா?"

"இந்த வீட்டையா அண்ணி? கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துடுவேன். கால் பரவாயில்லையா?"

தையல்காரி பெருமை தாங்காமல் சுவரைத் தடவிக் கொடுத்தாள். "அதையும் உங்ககிட்டச் சொல்லிட்டாரா? எத்தனை கலர் மாத்தினேன் தெரியுமா! இந்த வெள்ளை அடிச்ச பிறகுதான் அவரு கண்ணுக்கு நான் சரியாத் தெரிஞ்சிருக்கேன்."

வந்தவர் பார்சலை மெல்லக் கீழே வைத்தார்.

"அவரு எங்க அண்ணி பாத்தாரு? இந்தப் பக்கம் கப்பல் வர்ற நேரம் அவருக்குக் கீழ அடுப்படியில வேலை, அங்க ஜன்னலே கெடையாது. நாங்க இருபத்தோரு பேரும் மேல நின்னு பாத்துட்டு ஓடிப் போய் ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுவோம், உங்க கால் விஷயம் ஒண்ணுலதான் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம்."