ஆறரை மணி பினாங்கு

எங்கள் தேன்கனிக்கோட்டையில் கடிகாரத்தை நம்பிய ஒரே மனிதர் ‘பினாங்கு’தான். மலாயாவில் தோட்டத்து லாரி ஓட்டிவிட்டு, 1950களில் ஊர் திரும்பி, ஓசூர் பஸ்ஸுக்கு டிரைவரானவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அந்தப் பஸ்ஸில்தான் நான் தினமும் ஓசூர் ஆபீசுக்குப் போவேன். அவர் வரும்வரை ஆறரை மணி வண்டி என்றால் ஏழேகால் என்று பொருள். ஏரிக்கரையில் யாராவது துண்டை ஆட்டினால் போதும், அவர் வந்து சேரும்வரை வண்டி நிற்கும். பினாங்கு வந்த முதல் நாள் சரியாக ஆறரைக்குக் கிளம்பினார். உள்ளே நானும் இரண்டு ஆடுகளும்தான். ஆட்டுக்காரர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பினாங்குல ஆறரைன்னா ஆறரைங்க!”

வழி நெடுக ஒப்பீடுதான். “அங்க ரோட்டுல டீ கிளாஸை வெச்சிக்கிட்டே ஓட்டலாம். இங்க கொடலு வாய்க்கு வருது. தோட்டத்துலயே ஆஸ்பத்திரி, கொழாயைத் திருகினா தண்ணி. இதெல்லாம் ஒரு ஊரா?”

“களி கெடைக்குமாப்பா அங்க?” என்றார் பின் சீட்டு முனியப்பா. பினாங்கு கியரை மாற்றினார்.

வினை பஸ் முதலாளியின் மகள் நிச்சயதார்த்தத்தன்று வந்தது. வரிசைத் தட்டுகளை வாசலில் நின்ற ஆறரை மணி வண்டியில் ஏற்றிவிட்டுக் குடும்பமே ஏறப்போகும்போது பூனை குறுக்கே ஓடியது. வீட்டுக்குள் திரும்பிப்போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதுதானே வழக்கம்? வழக்கம்போல் ஆபீசுக்குப் போக ஏறியிருந்த என்னைத் தவிர எல்லோரும் உள்ளே போனார்கள். மணி ஆறரை ஆனது. பினாங்கு கிளம்பிவிட்டார்.

ஓசூரில் மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு நின்றார்கள். வாழைப்பழத் தட்டோடு இறங்கிய என்னைப் பெண்ணுக்கு மாமா என்று நினைத்துப் பன்னீர் தெளித்தார்கள். அன்று மாலையே பினாங்குக்கு வேலை போயிற்று. நாலு வயிறு அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தது. நாங்கள் பரிந்து பேசியும் முதலாளி மசியவில்லை.

ஒரு மாதம் கழித்து, மலாயாவிலிருந்து திரும்பிய கல்லாவி ஊர்க்காரர் ஒருவர் பஸ் நிலையத்தில் இறங்கி, “கோட்டைக்காரர் வீடு எதுங்க?” என்றார்.

“எந்தக் கோட்டைக்காரர்?” என்றார் முதலாளி.

“எங்க தோட்டத்துல லாரி ஓட்டுனாரே! ‘எங்க கோட்டையில ஒரு ஆளு துண்டை ஆட்டினாலும் வண்டி நிக்கும்’னு சொல்லிச் சொல்லி, எல்லாரும் வர்ற வரைக்கும் லாரியை எடுக்க மாட்டாரு. தெனமும் லேட்டு. தொரை வேலையை விட்டே அனுப்பிட்டாரு. களி கெடைக்கலைன்னு அழுதவருங்க!”

முதலாளி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆளை நாளைக்கு வண்டிக்கு வரச் சொல்லு” என்று கண்டக்டரிடம் சொன்னார்.

மறுநாள் ஆறரைக்கு ஊரே பஸ்ஸில் இருந்தது, முனியப்பாவைத் தவிர. பினாங்கு கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பினார். ஏரிக்கரையில் ஒரு துண்டு ஆடியது. வண்டி நின்றது. முனியப்பா மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார்.

“பினாங்குல இப்பிடி நிறுத்த மாட்டாங்க” என்றார் பினாங்கு, திரும்பிப் பார்க்காமல்.

இப்போதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதெல்லாம், அதை ஓட்டுவது அவராக இருக்கக்கூடாதா என்று மனம் ஏங்குகிறது.