ரிஜெக்ட் அக்காவும் கோலம் போடும் ரோபோவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரிஜெக்ட் அக்கா தள்ளிவிடாத பொருள் ஒன்றுகூட இல்லை. தேயிலைத் தூள், பாசாரில் வாங்கும் கத்தரிக்காய், அடுத்தவர் கல்யாணப் பந்தல், தன்னைப் பெண் பார்க்க வந்த நான்கு பேர், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிள், எல்லாமே 'ரிஜெக்ட்'தான். தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் அவருக்கு வேலை. சல்லடை அடைத்துக்கொண்டால் விரல் முட்டியால் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவார், தூள் இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் தேங்காய், ரேடியோ, பக்கத்து வீட்டுக் கதவு என்று எதையும் தட்டாமல் விடமாட்டார். ஒருமுறை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் ஹெல்மெட்டைத் தட்டினார். தலை அதற்குள்தான் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நானும் தோழி மேரியும் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம். பக்கத்து டவுன் தானா ராத்தாவில் நடந்த பள்ளிக் கண்காட்சிக்குக் கோலம் போடும் ரோபோ ஒன்றைச் செய்தோம். அதன் பாகங்களின் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது: லோரியின் வைப்பர் மோட்டார், சைக்கிள் சங்கிலி, ரோபோவின் கையை நகர்த்த மேடு பள்ளமாக வெட்டிய இரண்டு பலகைச் சக்கரங்கள், பால் டின்னில் செய்த மாவுப் புனல். புள்ளியை நாங்கள் வைப்போம். புள்ளிகளைச் சுற்றி வரும் ஒற்றைக் கோட்டை அது இழுக்க வேண்டும். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தால், தொழில்நுட்பக் கல்லூரிக்கு எங்களைப் பரிந்துரைப்பதாக சயன்ஸ் சார் சொல்லியிருந்தார். சேராவிட்டாலும் மேரிக்குக் கம்போங் ராஜாவில் மாமா கடை இருந்தது. எனக்கு அம்மாவின் கொழுந்துக் கூடைதான்.

சோதனைக்கு ரிஜெக்ட் அக்காவின் வாசலைத் தேர்ந்தெடுத்தது என் யோசனை. அவரே ஒத்துக்கொண்டால் சார் எம்மாத்திரம்?

முதல் நாள் ரோபோ போட்டது இடியப்பம்.

"என்னா பிள்ளை இது?"

"கோலங்க்கா."

"எந்தப் பூச்சி ஊர்ந்துச்சு? ரிஜெக்ட்."

இரண்டாம் நாள் மோட்டார் வெறிபிடித்துச் சுற்றி, அவர் காயப்போட்டிருந்த கைலிக்கு மாவு பூசியது. மூன்றாம் நாள் சங்கிலி கழன்றது. நான்காம் நாள் எல்லாம் ஒழுங்காகப் போய், பாதியில் மாவு நின்றது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. சந்தேகங்களுக்கு வரிசை எண் போட்டு எழுதினேன்: மோட்டார், பேட்டரி, சக்கரம், சங்கிலி. அக்கா புனலுக்குள் விரலை விட்டார்.

"மாவை எதுல சலிச்சீங்க?"

"இருக்கறதுலயே பொடிக் கண்ணு சல்லடைலக்கா. மூணு தடவை," என்றாள் மேரி, பெருமையாக.

"அலாமாக்," என்று தலையிலடித்துக்கொண்டார் அக்கா. "டஸ்ட் தூளு மாதிரி நைசா ஆக்கிட்டீங்க. இந்த ஊரு பனிக்கு டஸ்ட்டு கட்டிக்கும் லா. கரகரன்னு இருந்தாதான் ஓடும். டீத் தோட்டத்துல பொறந்துட்டு இதுகூடத் தெரியல."

என் பட்டியலில் மாவே இல்லை.

கரகரப்பான மாவில் மறுநாள் கோடு முக்கால்வாசி சுற்றி வந்தது. "கால் ரிஜெக்ட்," என்றார். அவரிடம் அது பாராட்டுப் பத்திரம்.

கண்காட்சியன்று மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சார் கைகட்டி நின்றார். ஒரு சாண் மிச்சமிருக்கும்போது மாவு நின்றது. ரோபோவின் கை மட்டும் காற்றில் கோலம் போட்டது. கூட்டத்திலிருந்து நீண்ட விரல் முட்டி ஒன்று புனலை இரண்டு தட்டு தட்டியது. மாவு கொட்டியது.

"ஆளு தட்டினா அது ரோபோ இல்லம்மா," என்றார் சார்.

"அப்ப அதுவே தட்டிக்கட்டும் லா. ஒரு கரண்டி குடுங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு தடவைதான்."

தேநீர் மேசையிலிருந்து கரண்டி வந்தது. அக்கா தன் தலைமுடி ரப்பரைக் கழற்றி, அதால் கரண்டியைப் புனலோரம் கட்டினார். நான் சங்கிலி ஓடும் பல்சக்கரத்தில் ஓர் ஆணியைச் செருகினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஆணி கரண்டியை இழுத்து விட்டது. கரண்டி புனலைத் தட்டியது. டொக், டொக். அக்காவின் அதே தாளம். கோடு ஊர்ந்து ஊர்ந்து, தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. மண்டபமே அக்காவைப் பார்த்தது. அவர் அவிழ்ந்த கூந்தலோடு, மூக்கில் மாவு ஒட்டும் அளவுக்குக் குனிந்தார்.

"இங்க ஒரு வளைவு கோணலு."

நான் சாரைப் பார்த்தேன். அக்கா நிமிர்ந்தார்.

"சரி, இருக்கட்டும் விடு."

சார் பரிந்துரைக் கடிதத்தை அன்றே எழுதினார். இப்போது பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் பொருள்களைச் சோதிப்பதுதான் என் வேலை. நானும் தட்டிப் பார்க்காமல் எதையும் விடுவதில்லை. போன தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனபோது அக்காவின் வாசலில் எங்கள் ரோபோ போட்ட அதே கோலம். கையால்தான் போட்டிருந்தார். அந்த ஒரு வளைவை மட்டும், திருத்தாமல், அன்றுபோலவே கோணலாக விட்டிருந்தார்.